வேம்படிவிளைக்கு நடந்து வந்த வீடு

சந்தனமாரியின் வீடு ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கியது எந்தக் கிழமை என்பதில் வேம்படிவிளையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பால்காரர் செவ்வாய் என்பார், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் புதன் என்று சாதிப்பாள். ஆனால் அது நடந்ததா இல்லையா என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் உப்பளத்து ஓரத்தில் அந்த வீடு நின்ற இடத்தில் அன்று காலையில் ஈரமான ஒரு சதுரம்தான் கிடந்தது, வீடோ அங்கிருந்து நாலு உப்புப்பாத்தி தள்ளி, வாசலை ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மூச்சு வாங்க நிற்கிற பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஒற்றை அறையும் ஒட்டினாற்போல ஓர் அடுப்படியும் மேலே சிமெண்டு ஷீட்டுமாக அந்த வீட்டைத் தவசிமுத்துதான் தன் கையால் கட்டியிருந்தான். ஊருக்குள் அவனுக்கு இடமில்லாமல் இல்லை. அவனுடைய அண்ணன் பலவேசத்தின் மனைவி கனியம்மாளுக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள் தவசிக்குத்தான் என்று இரண்டு குடும்பமும் பேசி வைத்திருந்தது, அவனோ உப்பளத்தில் கூட வேலை பார்த்த சந்தனமாரியின் கழுத்தில் தாலியைக் கட்டி மாலையும் கழுத்துமாக அண்ணன் வாசலில் வந்து நின்றான். "இந்த வாசப்படியில இனிமே உன் காலு படக் கூடாது" என்று பலவேசம் சொன்னான். சொன்ன வார்த்தை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டதால் அவனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தங்கை கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஆனாலும் கோபம் என்னவோ போன வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் ஊரும் சத்தமும் எட்டாத உப்பளத்து ஓரத்தில், பனங்காட்டைப் பார்த்து ஒரு சன்னல் வைத்து, தவசிமுத்து தனியாக வீடு கட்டிக்கொண்டான்.

அங்கே இரண்டு பேரும் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தார்கள். தவசிமுத்து வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வயிறு வலிக்கும். சந்தனமாரிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் உப்பு லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன், கயிறு அறுந்து கீழே விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் வைத்திருந்து, உயிரை மீட்டு, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று சொல்லி, சிறுநீர் போக ஒரு குழாயை வைத்து அனுப்பினார்கள். அவன் வீட்டுக்கு வந்த பிறகு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ஏனென்றால் பெயர் வைக்க வேண்டிய வாய் பேசுவதை நிறுத்தியிருந்தது.

துணை சுகாதார நிலையத்து நர்சு பரிபூரணம் வாராவாரம் வந்து பார்த்தாள். சாலை முடிகிற இடத்தில் ஸ்கூட்டர் மணலில் புதைந்துகொள்ளும், அதை அப்படியே விட்டுவிட்டு, தோளில் மருந்துப் பையும் கையில் செருப்புமாக நடந்து வருவாள். வந்து கதவைத் தட்டுவாள்.

"மாரி, நான் பரிபூரணம். கதவத் தொறம்மா."

"அவிய தூங்குதாவ நர்சம்மா. நல்லாத்தான் இருக்காவ. இன்னொரு நாளு வாங்க."

"நீ எப்படி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

கதவுக்குப் பின்னால் நின்று சந்தனமாரி இதைச் சொல்லும்போது அவள் சேலையில் தவசிமுத்துவின் உடம்பிலிருந்து வடிந்த சீழ் காய்ந்திருக்கும். படுத்தே கிடந்ததில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் விழுந்திருந்தது. முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு கறுத்தது, பிறகு அதில் நாற்றம் வந்தது. இதை ஒரு ஆள் பார்த்துவிட்டால் பெண்டாட்டி சரியாகப் பார்க்கவில்லை என்ற பேச்சு ஊருக்குள் போகும், கனியம்மாள் காதில் விழும், தங்கச்சியைக் கட்டியிருந்தால் இப்படி விட்டிருப்பாளா என்று அவள் கேட்பாள் என்பதுதான் சந்தனமாரியின் பயம். அந்தப் பயம் அவளைக் கதவுக்குப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தது. குழந்தைக்கும் பால் கொடுத்து, ஆளையும் துடைத்து, தண்ணீர் சுமந்து, சோறு வடித்து, சாப்பிட்டோமா இல்லையா என்பதே ஞாபகம் வராத நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உப்புக் குவியல்போல ஏறிக்கொண்டே போயின. ஒரு சாயங்காலம் உப்புத்தண்ணீர் தேக்கி வைக்கும் பெரிய குளத்தில், இடுப்பில் குழந்தையோடு, முழங்கால் ஆழத்தில் தான் நிற்பதை அவள் கண்டாள். எப்போது வந்தோம், எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. அடுத்த அடி எடுத்து வைத்தால் ஆழம் என்பது மட்டும் தெரிந்தது. அப்போது குழந்தை ஒரு தும்மல் போட்டது. பனி விழுகிற நேரத்தில் பிள்ளையை வெளியே வைத்திருக்கிறோமே என்று பதறிப்போய், முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்று அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். கோழி கூப்பிடும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர், படுத்திருந்த பசு பின்னங்காலை ஊன்றி முதலில் எழுந்திருக்குமே அதுபோல, மெதுவாக உயர்ந்து, ஆடி, நகர்ந்தது. குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை. குழந்தை தூளியில் கொஞ்சம் அதிகமாக ஆடி, கொஞ்சம் அதிகமாகத் தூங்கியது.

விடிந்ததும் தவசிமுத்து பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"ஏட்டி, பனங்காட்டக் காணும்."

சந்தனமாரி சன்னலில் எட்டிப் பார்த்தாள். பனங்காடு இருந்த இடத்தில் உப்புப்பாத்திகளும், அதற்கு அந்தப் பக்கம் ஊரின் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் குழந்தையின் துணி நனைந்திருந்தது, உலை வைக்க வேண்டியிருந்தது, பயப்படுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வீடு தினமும் விடியலில் கொஞ்சம் நடந்தது. பாத்தி வரப்புகளை மிதிக்காமல், ஓடையைத் தாண்டும்போது சிமெண்டு ஷீட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கருவேல மரங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடந்தது. நடந்ததில் நிலைச்சட்டம் லேசாகக் கோணி, கதவு அதற்குப் பிறகு மூடவே இல்லை. சந்தனமாரி தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள், காலால் உதைத்தும் பார்த்தாள், ஒரு முழம் இடைவெளி விட்டு அதற்குமேல் அது அசையவில்லை. அடுத்த வாரம் பரிபூரணத்தின் ஸ்கூட்டர் மணலில் புதையாமலேயே வந்து நின்றது, ஏனென்றால் வீடு சாலை முடிகிற இடத்துக்கே வந்துவிட்டது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வீட்டை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. இந்த மணலுல நடந்து என் முழங்காலு ரெண்டும் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, மூடாத கதவு வழியே பக்கவாட்டில் புகுந்து உள்ளே வந்தாள்.

சந்தனமாரி கட்டிலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நர்சு அந்தக் கையைத் தள்ளவில்லை, அதைப் பிடித்து, நாடி பார்க்கிறவள்போல மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசியா நீ எப்பம்மா சாப்பிட்ட?"

சந்தனமாரி யோசித்தாள். யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. அவளுடைய உதடு கோணிக்கொண்டு வந்தது, பிறகு அவள் அழுதாள். குழந்தை பிறந்தபோதுகூட அப்படி அழவில்லை. பரிபூரணம் பையிலிருந்து தன்னுடைய மத்தியானச் சோற்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "நீ சாப்பிடு, நான் அவரப் பாக்கேன்" என்று சொல்லிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

புண்ணைப் பார்த்து அவள் முகம் மாறவில்லை. கழுவினாள், கறுத்ததை எடுத்தாள், மருந்து வைத்துக் கட்டினாள். "இது உன் தப்பு இல்ல. ஒருத்தி ரெண்டு கையால செய்யுத வேல இல்ல இது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க இவர அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒருச்சாச்சுப் படுக்க வைக்கணும். அதுக்கு ஆளு வேணும். ஆளுக்கு என்ன செய்ய?" என்று தனக்குள் பேசிக்கொள்வதுபோல் சொன்னாள்.

ஆளுக்கு என்ன செய்ய என்று வீடு முன்பே யோசித்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அது வேம்படிவிளைக்குள், கீழத்தெருவில், முதல் வீட்டுக்கு எதிரே வந்து நின்றது.

தெரு முழுக்கக் கூடிவிட்டது. சாமி சப்பரம் வந்ததாக நினைத்து இரண்டு பெண்கள் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஆரத்தி எடுத்தார்கள், ஒருத்தர் தேங்காயோடு வந்தார், இன்னொருத்தர் வீட்டின் மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே சந்தனமாரி கூனிக் குறுகி நின்றாள். மூடாத கதவுக்கு முன்னால் பரிபூரணம் வந்து நின்றுகொண்டு, "தேங்காய வீட்டுக்குக் கொண்டுபோயி கொழம்பு வைங்க. சாமி இல்ல இது, தவசி வீடு. எனக்கு வேண்டியது தொவச்சு வெயில்ல காஞ்ச பழைய வேட்டி, தலகாணி, ஆளப் பொரட்டிப் படுக்க வைக்க ஒருத்தர், மாரி தூங்கும்போது பிள்ளையப் பாத்துக்கிட ஒருத்தி. யாருக்குத் தோதுப்படும்?" என்றாள்.

முதல் வீட்டுக்காரி, "எங்க வாசலுக்குத்தான வந்திருக்கு? அப்ப இன்னிக்கு எங்க பாடு" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அதுவே முறை ஆனது. வீடு எந்த வாசலுக்கு எதிரே நிற்கிறதோ, அன்றைக்குத் தவசிமுத்துவைத் திருப்பிப் போடுவதும், துடைத்து விடுவதும், சந்தனமாரியைத் தூங்க வைப்பதும் அந்த வாசலின் வேலை. பரிபூரணம் காலையில் வந்து அன்றைய வாசல்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். விரிப்பை எப்படி இழுத்து ஆளைப் புரட்டுவது, குழாயைத் தொடுமுன் கையை எப்படிக் கழுவுவது, சீழ் நாறினால் மூக்கைப் பொத்தாமல் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம். ஆண்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். வலை பின்னுகிறவர்களும் கொத்தனார்களும் லாரி ஓட்டுகிறவர்களுமான அவர்கள், ஒரு ஆளின் முதுகை வெந்நீரில் துடைப்பது கல் சுமப்பதைவிடக் கஷ்டம் என்று கண்டுபிடித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். லைன்மேன் கம்பத்தில் நீளமான வயரைச் சுருட்டித் தொங்கவிட்டு, வீடு போகப் போக அவிழ்த்து விட்டார். தபால்காரர் சந்தனமாரியின் முகவரியை "இன்னிக்கு எங்க?" என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டு போனார். கோலம் போடுகிறவர்கள் வீடு வந்தால் மிதிபடாமல் இருக்கட்டும் என்று ஓரமாகப் போட்டார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்த வீடு நடக்கிறது சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டபோது தலைவர் கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்துவிட்டு, "நடக்கக் கூடாதுன்னு இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மனத்தாங்கல்களும் வந்தன. மேலத்தெருவில் ஒருத்தி, தன் வாசலைத் தாண்டி வீடு அடுத்த வாசலுக்குப் போய்விட்டதென்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. "எங்க கையி என்ன கசக்குதா?" என்று பரிபூரணத்திடம் சண்டைக்கு வந்தாள். மூன்றாம் நாள் வீடு பின்னால் நகர்ந்து அவள் வாசலுக்கு வந்தது. அன்றைக்கு அவள் செய்த மீன் குழம்பின் மணம் தெரு முனை வரைக்கும் போனது.

சந்தனமாரி தூங்கினாள். முதல் சில நாள் யார் யாரோ வீட்டுக் கட்டில்களில், யார் யாரோ போர்வைக்குள், கூரையைப் பார்த்தபடி ஊர் என்ன நினைக்குமோ என்று விழித்துக் கிடந்தவள், பிறகு ஒருநாள் மத்தியானம் படுத்துச் சாயங்காலம் எழுந்தாள். தெருவில் யாரும் தன் புருஷனின் புண்ணைப் பற்றிப் பேசவில்லை என்று கண்டாள். பேசினாலும், "இன்னிக்குச் செகப்பா சதை வந்திருக்கு, பாத்தியா?" என்று ஏதோ தங்கள் தோட்டத்துக் கீரை முளைத்ததுபோலத்தான் பேசினார்கள்.

தவசிமுத்துவின் கட்டில் சன்னலோரம் கிடந்தது. காலையில் கண் விழித்தால் ஒருநாள் கிணற்றடி, ஒருநாள் சைக்கிள் கடை, ஒருநாள் மாதா கோவில் கொடிமரம், ஒருநாள் பள்ளிக்கூடத்து மைதானம். முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் கிடந்தான். பிறகு சைக்கிள் கடைக்காரரின் புது மீசையைப் பார்த்து ஒன்று சொன்னான், தெரு சிரித்தது. அவன் தன் குரல் கேட்டுத் தானே ஆச்சரியப்பட்டான். "எனக்குப் பதிலா வீடு நடக்குது. நானும் ஒரு ஆம்பிளன்னு படுத்துக் கெடக்கேன். அதுக்குக் காலு வலிச்சா எண்ணெ தேச்சு விடணும், மாரி" என்றான். அன்று சந்தனமாரி அடுப்படிக்குப் போய்ச் சுவரோரம் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

தெருத்தெருவாக வாசல் வாசலாகப் போன வீடு, ஒரு காலையில் பலவேசத்தின் வாசலுக்கு வந்தது. மற்ற வாசல்களில் எதிரே நின்றது போல இங்கே நிற்கவில்லை. வாசலோடு வாசலாக, நிலையோடு நிலையாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பலவேசம் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தால் தம்பியின் கட்டில் தெரிந்தது. தெருவுக்கு வர வேண்டுமானால் அந்த அறைக்குள் நுழைந்து, கட்டிலைத் தாண்டி, அடுப்படி வழியாகத்தான் வர வேண்டும். அவன் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, கொல்லைச் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போனான். கனியம்மாள் தண்ணீர்க் குடத்தைச் சுவர்மேல் வைத்து, ஏணி போட்டு இறங்கி, மறுபடி எடுத்தாள். மறுநாளும் வீடு நகரவில்லை, அதற்கு மறுநாளும் நகரவில்லை.

"காலு படக் கூடாதுன்னுதான சொன்னாவ. நான் எங்க கால வச்சேன்?" என்று தவசிமுத்து உரக்கச் சொன்னான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ செருமுவது கேட்டது.

சந்தனமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற வாசல்களில் கை நீட்டக் கற்றுக்கொண்டவள், இந்த வாசலில் மறுபடி கூனிப்போனாள். மற்ற தெருக்காரர்கள் சுற்றிக்கொண்டு வந்து உதவினார்கள் என்றாலும், மூடிக் கிடந்த கதவுதான் அவள் கண்ணில் நின்றுகொண்டே இருந்தது. "நர்சம்மா, இந்த வீட்டத் தள்ளிக்கிள்ளி வேற எடத்துக்குக் கொண்டுபோக முடியுமா?" என்று கேட்டாள். பரிபூரணம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் மனுசங்களுக்குத்தான் நர்சு, இது சொன்னா கேக்காது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தவசிமுத்துவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. பல் கிட்டியது, நெற்றி கொதித்தது, குழாயில் வந்த சிறுநீர் கலங்கலாகி, பிறகு வருவதே நின்றது. பேச்சு குழறி, பக்கத்தில் நின்ற சந்தனமாரியைப் பார்த்து யார் என்று கேட்டான். தகவல் கிடைத்து ஓடி வந்த பரிபூரணம், குழாயை மாற்றி, ஊசி போட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். "ரத்தத்துல கிருமி ஏறியிருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆனா தெருவ வீடு அடச்சுக்கிட்டு நிக்குது, வண்டி உள்ள வராது. தெருமுனை வரைக்கும் தூக்கணும். முதுகு வளையக் கூடாது, பலகையில நேராக் கெடத்தணும். பலகை, பலகை!" என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் மாதா கோவில் பூசையில் இருந்தார்கள்.

சந்தனமாரி மூடிய கதவைப் பார்த்தாள். பயமெல்லாம் ஒருமித்து நெஞ்சில் வந்து உட்கார, அதையும் சேர்த்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு அவள் கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"அத்தான்! என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க, காலத்துக்கும் பேசாண்டாம். ஒங்க தம்பி போயிருவாவ போலருக்கு அத்தான்!"

உள்ளே தாழ் விலகியது. பலவேசம் நின்றான். தம்பியைப் பார்த்தான், நர்சைப் பார்த்தான், அவள் வாயிலிருந்து பலகை என்ற சொல் மறுபடி வருமுன்பே, தன் வீட்டுக் கதவின் கீழ்ப்பக்கம் கையைக் கொடுத்துத் தூக்கினான். பழைய தேக்குக் கதவு அது, அவன் அப்பா போட்டது. கீல்கள் முனகின, ஒன்று தெறித்து விழுந்தது. கதவைக் கழற்றிக் கட்டிலின் ஓரத்தில் வைத்துத் தானே ஒரு முனையில் நின்றான். பரிபூரணம் சொல்லிக் கொடுத்தபடி விரிப்போடு இழுத்துத் தவசிமுத்துவைக் கதவின்மேல் கிடத்தினார்கள். முன்னால் பலவேசம், பின்னால் சந்தனமாரியும் நர்சும். சந்தனமாரியின் இடுப்பில் குழந்தை இருப்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். கனியம்மாள் வந்தாள், பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள், அதன் காதை மடக்கிப் பார்த்தாள்.

"காதுக்குப் பின்னால ஒழுங்காத் தொடைக்கலியே. போ, போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பல வருடங்களுக்குப் பிறகு அவள் சந்தனமாரியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பலவேசம் தெருமுனை வரைக்கும் ஒரு தடவைகூடத் தோளை மாற்றவில்லை. ஆம்புலன்சிலும் ஏறிக்கொண்டான். போகிற வழியெல்லாம் "ஏல தவசி, ஏல தவசி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

காய்ச்சல் இறங்கி, கிருமி போய், தவசிமுத்து திரும்பி வரும்போது வீடு அங்கேயே காத்துக்கொண்டு நின்றது. கனியம்மாள் அதற்கு உள்ளும் புறமும் வெள்ளையடித்திருந்தாள். கழற்றிய கதவை மறுபடி மாட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டபோது, "இருக்கட்டும், காத்து நல்லா வருது" என்று பலவேசம் சொல்லிவிட்டான். மழைக்காலம் முழுக்க இரண்டு வீடும் ஒரே வீடாக இருந்தன, ஒரே உலையில் கஞ்சி கொதித்தது. தவசிமுத்துவின் புண் சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் ரூபாய் நாணயம் அளவுக்கு வந்து, பிறகு மூடிக்கொண்டது. பரிபூரணம் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்தாள். கைகளால் உடம்பைத் தூக்கி நாற்காலிக்கு மாற அவனைப் பழக்கினாள். பலவேசம் வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டான். குழந்தைக்குக் கனிமொழி என்று பெயர் வைத்தான் தவசிமுத்து. அதில் யாருடைய பெயர் பாதி இருக்கிறது என்று கவனித்துக் கனியம்மாள் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

சந்தனமாரி காலை வேளைகளில் பரிபூரணத்தோடு போகத் தொடங்கினாள். பிரசவித்த வீடுகளுக்கும் படுக்கையாகக் கிடக்கிறவர்கள் வீடுகளுக்கும் அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போய்வந்தாள். வீடு இனிமேல் நகராது, அது வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், லைன்மேன்கூடச் சுருட்டி வைத்த வயரை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில், நல்ல வெயில் ஏறிய நேரத்தில், எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே வீடு எழுந்தது. தம்பியின் கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்த பலவேசம், "ஏ, நில்லு, நில்லு!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினான். வீடு நிற்கவில்லை. அது தெருவில் நிதானமாகப் போக, பின்னால் கனியம்மாள் ஓட, ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட, வயர் அறுந்து காற்றில் ஆட, வடக்கு முனையில் காம்பவுண்டுச் சுவர் வைத்த ஒரு வீட்டின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றது.

அது ஏட்டையா சுடலைக்கண்ணுவின் வீடு. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் இன்னமும் அவரைப் பார்த்தால் பீடியை மறைக்கும். அவர் மனைவி சுயம்புக்கனிக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிப்போயிருந்தது. எங்கேயாவது போய்விடுவாள் என்று கேட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு, தானே சமைத்து, தானே குளிப்பாட்டி, அவள் நடமாடும்போதெல்லாம் பின்னாலேயே நடந்து, உதவி என்று போன பரிபூரணத்தை "இது என் வீட்டு விசயம்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? வீட்ட நிறுத்துத எடமா இது? எடுங்க!" என்று அவர் கேட்டுக்குள்ளிருந்து சத்தம் போட்டார்.

"ஏட்டையா, இதுக்கு ரிவர்ஸு கெடையாது" என்றான் தவசிமுத்து சன்னலில் இருந்து.

சந்தனமாரி வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அவளுக்கு அந்தக் கண்கள் தெரிந்தவையாக இருந்தன. அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், கேட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற சுயம்புக்கனியைப் பார்த்துச் சொன்னாள்.

"வாங்கம்மா, காப்பி ஆறுது."

சுயம்புக்கனி கேட்டைப் பிடித்து ஆட்டினாள். ஏட்டையா அவளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் போகிறவள்போல உள்ளே வந்து, கட்டிலில் பலவேசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் தவழ்ந்துகொண்டிருந்த கனிமொழியின் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவினாள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்த மனிதரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அந்தப் போலீஸ்காரரையும் கூப்பிடுங்க. பாவம், ரொம்ப நேரமா நிக்காரு" என்றாள்.

ஏட்டையா குனிந்து உள்ளே வந்தார். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டார். வெள்ளையடித்த சுவரில் முதுகு பட்டதும் அவர் தலை மெல்லச் சாய்ந்தது. டம்ளர் கையில் இருக்கும்போதே தூங்கிப்போனார்.

பலவேசத்தின் வாசலில் வீட்டைக் காணாமல் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டு வந்த பரிபூரணம், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "மாரி!" என்று கூப்பிட்டபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். சந்தனமாரி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு ஏட்டையாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, காப்பி சிந்தாமல் டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, சுயம்புக்கனியின் தலையை வாரிவிடச் சீப்பைத் தேடிப் போனாள்.